சீசன் டிக்கெட் மாப்பிள்ளை

சில ஊர்க்காரர்களுக்குப் பிறக்கும்போதே ஒரு திறமையைக் கட்டாயமாக ஒட்டி அனுப்பிவிடுகிறது உலகம். திருநெல்வேலிக்காரன் என்றால் அல்வா கிண்டுவான். மதுரைக்காரன் என்றால் அரிவாள் வைத்திருப்பான். கோவில்பட்டிக்காரன் என்றால் ஹாக்கி ஆடுவான்.

நான் கோவில்பட்டிக்காரன். கடலைமிட்டாய் தின்பதில் மாவட்ட அளவில் ஆடக்கூடியவன். ஹாக்கி மட்டும் தெரியாது. ஏழாம் வகுப்பில் பி.டி. மாஸ்டர் மட்டையைக் கையில் கொடுத்தார். ஓங்கி ஒரே அடி. பந்தில் இல்லை, என் கணுக்காலில் (குறி மட்டும் தப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்). அன்றோடு எனக்கும் ஹாக்கிக்கும் கலாஸ்.

ஆனால் இதை மஸ்கட்டில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ரூவியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் கணக்கெழுத வந்த முதல் நாளே, என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஆபீஸ் பாய் முதல் மேனேஜர் வரை ஒரே கேள்விதான்: "ஃபார்வர்டா, பேக்கா?" நானும் ஒரு மாதிரியாகச் சிரித்து வைப்பேன். பி.காம். படித்தவனுக்கு அந்த மாதிரிச் சிரிப்பெல்லாம் சிலபஸிலேயே உண்டு.

சிரித்தே மூன்று வருஷம் ஓட்டியிருப்பேன். கல்யாணம் குறுக்கே வந்தது.

லீவில் ஊருக்குப் போனேன், பெண் பார்க்க. அம்மா ஒரு போட்டோவை நீட்டினாள். பெயர் சுகந்தி. பி.எஸ்ஸி. ஜாதகம் பொருந்திவிட்டது. "பொண்ணு எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். "மஸ்கட்டு. ரூவியாம்ல?" என்றாள் அம்மா. விலாசத்தைப் பார்த்தால் என் ரூமுக்கு மூன்று தெரு தள்ளி! நான் தினமும் புரோட்டா வாங்கும் கடைக்கு எதிர் பில்டிங்! என் ஜாதகம் கடல் தாண்டிக் கோவில்பட்டிக்கு வந்து, அங்கிருந்து பாளையங்கோட்டை ஜோசியர் வழியாக மறுபடி கடல் தாண்டி ரூவிக்குப் போயிருக்கிறது. நடந்து போயிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம்.

பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் சார், கட்டட இன்ஜினியர். காலேஜ் காலத்தில் பெரிய ஹாக்கி பிளேயர். முழங்கால் போய்விட்டது, வெறி போகவில்லை. நான் மஸ்கட் திரும்பிய அன்றே போனில் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டு ஹால்ல உக்காந்து பஜ்ஜி திங்கும்போது எல்லாப் பையனும் நல்லவன்தான். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. நம்ம டீம் தோக்கும்போது ஒருத்தன் என்ன பேசுதான், அம்பயரை எப்படித் திட்டுதான், அதைப் பாத்தாத்தான் ஆளு தெரியும். உங்களுக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்திருக்கேன். எம் பக்கத்து நாற்காலி. சீசன் முடியட்டும், சொல்லுதேன்."

இதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் அந்த நாற்காலிகளைப் பற்றித் தெரிய வேண்டும். வெயில் கொஞ்சம் தணிந்ததும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ரூவிக்குப் பின்னால் இருந்த கப்பி மண் மைதானத்தில் நம் நாட்டு ஆட்கள் நடத்தும் ஹாக்கி நடக்கும். பேச்சிலர்களுக்குச் சிமெண்டுப் படிக்கட்டு. ஷாமியானா பந்தலுக்குக் கீழே நம்பர் போட்ட நாற்காலிகள், அவை சீசன் டிக்கெட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். வேலை, பள்ளிக்கூட அட்மிஷன், வரன், வதந்தி எல்லாம் அங்கேதான் முடிவாகும். நாட்டை விட்டே ஒரேயடியாகக் கிளம்புகிறவர்கள் ஃபிரிட்ஜையும் கட்டிலையும் விற்பார்கள். ஷாமியானா நாற்காலியை மட்டும் மச்சானுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பந்தலுக்குள் ஒரு பேச்சிலர் உட்கார்ந்தால், பத்திரிகை அடிக்காத குறைதான்.

சந்தோஷத்தில் நான் புதுச் சட்டை வாங்கினேன். மறுநாள் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது.

தொண்ணூற்று நாலில் நடந்தது ஞாபகம் இருப்பவர்களுக்கு இருக்கும். இந்தியாவிலிருந்து வளைகுடாவுக்கு வரும் விமானங்கள் எல்லாம் நின்றன. நான் வந்தது கடைசி விமானங்களில் ஒன்றில். ஏர்போர்ட்டில் யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை. ரூமில்தான் ஆரம்பித்தது. என் ரூம்மேட் சதக் காக்கா காயல்பட்டினத்துக்காரர், ரூவியில் கைக்கடிகாரக் கடை. (அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.) முந்தின நாள் வரை நான் கொண்டுவந்த காராச்சேவையும் மிட்டாயையும் வழித்துத் தின்றவர், செய்தி கேட்டதும் என் கட்டிலைப் பால்கனிக்குத் தள்ளினார்.

"காக்கா, சூரத் எங்க இருக்கு, கோவில்பட்டி எங்க இருக்கு!"

"தம்பி, எலிக்கு மேப் தெரியுமா? நீ பேசாம வெளிய படு. அந்த வாயில கர்ச்சீப்பைக் கட்டு. இந்தா, நீலகிரித் தைலம். நல்லா நனைச்சுக் கட்டு, கஞ்சத்தனம் பண்ணாத."

"நீங்க தின்ன மிட்டாய்?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்று முழுக்க வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

தெருவிலும் அதே கதைதான். நான் வந்தால் டீக்கடையில் பெஞ்ச் காலியாகும். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ரூவியை ஆட்டிக்கொண்டிருந்தது: சீசன் நடக்குமா, நடக்காதா? தொடக்க ஆட்டத்துக்கு வர வேண்டிய விருந்தாளி டீம் பம்பாயில் மாட்டிக்கொண்டது. இங்கிருக்கும் டீம்களிலும் பாதிப் பேர் லீவில் போய் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். சீசன் டிக்கெட் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் கடைவாசலில், லிஃப்டில், சர்ச் வாசலில், சிக்னலில் கார்க் கண்ணாடியை இறக்கிக்கூட, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பிளேக் வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

என் கவலை தனி. பஹ்ரைனில், குதைபியாவில், ஒரு இன்ஜினியர் பையன் அடுத்த வரனாக வரிசையில் நிற்கிறானாம். தகவல் உபயம் சதக் காக்கா. "சீசன் நடக்கலேன்னா அவனை வரச் சொல்லிருவாக தம்பி. பஹ்ரைன் ஃபிளைட்டு நிக்கல பாரு." விமானம் நிற்க வேண்டிய நாட்டில் நிற்காமல், நிற்கக்கூடாத நாட்டில் நிற்கிறதே என்று நான் நொந்துகொண்டேன்.

வியாழக்கிழமை டிக்கெட்காரர்களின் கூட்டம். ஒரு பள்ளிக்கூட ஹால். நான் போனதும் என்னைச் சுற்றி வட்டமாக ஒரு காலியிடம் தானாகவே உண்டானது. சங்கச் செயலாளர் ஃபெர்னாண்டஸ், கோவாக்காரர், சாது. எழுந்து நின்று இங்கிலீஷில் விளக்கினார்: சீசனைத் தள்ளிவைக்கிறோம், காசைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

அவ்வளவுதான், ஹாலே எழுந்துவிட்டது.

"காசு யாருக்குய்யா வேணும்? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் எங்க போவேன்?"

"வீட்ல மச்சினன் குடும்பம் வந்திருக்கு! ஹாக்கி இல்லேன்னா அவனோட உக்காந்து பேசணும் சார்!"

ஒரு மலையாளி அம்மா மட்டும், "சேட்டா, அடுத்த வருஷம் நம்பர் மாறாதல்லோ? எனிக்கு ஆ ஃபேன் பக்கத்துச் சேர்தன்னே வேணும்," என்று நாற்காலிக்கு உத்தரவாதம் கேட்டார்.

ஃபெர்னாண்டஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் இறங்கி வந்தார். இருக்கிற ஆட்களை வைத்துப் பதினோரு பேரைத் தேற்றும் டீம்கள் மட்டும் ஆடட்டும், நாளைக்கே தொடக்க ஆட்டம், பஞ்சாபிகளுக்கும் நம் தமிழ் டீமுக்கும். எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு வர வேண்டும், நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவோம். ஒரே ஒரு சிக்கல். தமிழ் டீமின் கோல்கீப்பர் தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கோல்கீப்பர் இல்லையென்றால் ஆட்டமில்லை. ஆட்டமில்லையென்றால் சீசன் இல்லை.

முன் வரிசையிலிருந்து ஒரு நரைத்த மீசை மெதுவாகத் திரும்பியது. சங்கரலிங்கம் சார். பக்கத்தில் போட்டோவில் பார்த்த அதே முகம், கர்ச்சீப்புக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்.

"தம்பி, நீங்க கோவில்பட்டிதானே?"

ஒரு மனிதன் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. எனக்கு வாய் ஏற்கெனவே கர்ச்சீப்பால் கட்டியே இருந்தது. அப்படியிருந்தும் பேசிவிட்டேன்.

"ஆமா சார். கோல்கீப்பர்தான்."

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். சுகந்தி மட்டும் தட்டவில்லை. பெருமூச்சு விட்டது போல இருந்தது. நான் அதை நாணம் என்று எடுத்துக்கொண்டேன் (நானும் எவ்வளவுதான் தாங்குவேன்).

மறுநாள் மைதானம். ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள் ஆளுக்கொரு தீவாகக் கிடந்தன. அத்தனை பேரும் வாயைக் கட்டியிருந்ததில் வங்கிக் கொள்ளைக்குக் குடும்பத்தோடு வந்தது போல இருந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் கீப்பரின் சாமான்களை என் முன்னால் கொட்டினார்கள். கால்களுக்கு இரண்டு மெத்தை, பாதத்துக்கு இரண்டு பெட்டி, கைக்கு உறை, தலைக்குக் கம்பி வைத்த ஹெல்மெட். உதவிக்கு ஒருவரும் கிட்டே வரவில்லை. "நீங்களே போட்டுக்கிடுங்க பாஸ், உங்களுக்குத் தெரியாததா," என்று கேப்டன் வாசலில் நின்றபடியே சொன்னார். எது இடது, எது வலது என்று அந்த மெத்தைகள்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. தோராயமாகக் கட்டிக்கொண்டேன்.

சதக் காக்கா கம்பி வேலிக்கு வெளியே நின்று கத்தினார்: "தம்பி, கர்ச்சீப்பு! தைலம் போட்டியா?"

போட்டேன். பாட்டிலில் மிச்சமிருந்ததை முழுக்கக் கவிழ்த்தேன். அதற்கு மேல் ஹெல்மெட். இந்த ஏற்பாட்டில் இருந்த கோளாறு விசில் ஊதிய பிறகுதான் தெரிந்தது. கண்ணில் நீர் தாரையாகக் கொட்டுகிறது, துடைக்க வழியில்லை. மைதானம் முழுக்க எனக்குப் பச்சைத் தண்ணீரில் மிதக்கும் நிழலாட்டம். போதாததற்குக் கப்பி மண் புழுதி.

நம் டீம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. அப்புறம் ஒரு நிழல் மற்ற நிழல்களையெல்லாம் தாண்டி என்னை நோக்கி வந்தது. மலை மாதிரி நிழல். பஞ்சாபி டீமின் சென்டர் ஃபார்வர்டு. பந்தை மட்டையிலேயே ஒட்ட வைத்துக்கொண்டு, தடுக்க ஒருவருமில்லாமல், நேராக வருகிறார். நான் கண்ணை மூடினேன். குலதெய்வத்தை நினைத்தேன். மூக்குக்குள் தைலமும் புழுதியும் கைகோத்தன.

"ஆ... ஆ... ஆச்ச்ச்!"

கம்பிகள் அதிர்ந்தன. கண்ணைத் திறந்தால் அந்த மலை அப்படியே நின்றுவிட்டது. பந்து தனியாக உருண்டு வந்து என் காலடியில் ஓய்ந்தது.

"அட, இவன் இப்பத்தான்யா இந்தியாவுல இருந்து வந்தவன்!" என்று இந்தியில் அலறிவிட்டு வந்த வழியே ஓடினார் அந்த மாவீரர். அவரைப் பார்த்து அவருடைய டீம். அவர்களைப் பார்த்து எங்கள் டிஃபன்ஸ். ஒரு நொடியில் கோலுக்கு முன்னால் நானும் பந்தும் மட்டும்.

எனக்கே பாவமாகிவிட்டது. ஆட்டம் நிற்கக்கூடாது, சீசன் நடக்க வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும். அதனால் மரியாதையாகக் குனிந்து பந்தைக் கையில் எடுத்து, "இந்தாங்க பாய்ஜி," என்று நீட்டினேன்.

ஹாக்கியில் கீப்பர் பந்தைக் கையில் எடுக்கக்கூடாதாம். அம்பயர் பாதி மைதானத்துக்கு அப்பால் பத்திரமாக நின்றபடி விசில் ஊதினார்: பெனால்டி ஸ்ட்ரோக். அதாவது எனக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் பந்தை வைத்து, ஒருவர் வந்து நிதானமாகக் கோலுக்குள் தள்ளலாம். குழந்தைகூடப் போடும்.

ஆனால் யார் வருவது? பஞ்சாபி டீமுக்குள் மாநாடு கூடியது. "நீ போ." "நீதானே கேப்டன், நீ போ." "எனக்கு ரெண்டு குழந்தைங்கடா." "எனக்குக் கல்யாணமே ஆகலடா!" ஒருவர் மட்டும் துணிந்து ஐந்தாறு அடி எடுத்து வைத்தார். நான் இரண்டாவது முறை தும்மினேன். மட்டையைக் கீழே போட்டுவிட்டே ஓடினார்.

மூன்றாவது தும்மலுக்கு ஷாமியானா எழுந்தது. நாற்காலிகள் உருண்டன. வருஷக்கணக்காக அந்தப் பந்தலில் முன்னால் பின்னால் நகராமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஒலிம்பிக் வேகத்தில் கார்களுக்கு ஓடினார்கள். ஃபேன் பக்கத்துச் சேர் கேட்ட அந்த மலையாளி அம்மாவும்கூட. ஃபெர்னாண்டஸ் மைக்கில், "அமைதி, அமைதி," என்று சொல்லிக்கொண்டே காரை ஸ்டார்ட் பண்ணினார்.

காலியான பந்தலில் ஒரே ஒரு மனிதர் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ்! ஸ்ட்ரோக்கை அடிச்சிட்டு ஓடுங்கய்யா! பாதில போனா என்னய்யா ஆட்டம்!"

என் வருங்கால மாமனார். அவருக்குப் பக்கத்தில் சுகந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். யாரோ வரவழைத்த ஆம்புலன்ஸில் ஏறிய பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணாடி ஜன்னல் வைத்த தனி அறையில் போட்டார்கள். ரத்தம், சளி, எல்லாம் எடுத்தார்கள். தைலக் கர்ச்சீப்பை முகர்ந்து பார்த்த டாக்டருக்கே தும்மல் வந்தது. உள்ளே வந்த பிறகு எனக்கு ஒரு தும்மலும் இல்லை. "மோனே, இது பிளேக் அல்ல, வெறும் பொடியாணு," என்று சிரித்தார் மலையாளி நர்ஸ். ஆனாலும் ரிப்போர்ட் வரும்வரை வெளியே விடமாட்டார்களாம். சதக் காக்கா பிரியாணிப் பொட்டலத்தைக் கேட்டில் வைத்துவிட்டு, காயல்பட்டினம்வரை கேட்கும்படி ஸலாம் சொல்லிவிட்டு ஓடிவிட்டார். சீசன் நின்றுவிட்டது என்று அவர் ஓடிக்கொண்டே சொன்னதுதான் கடைசிச் செய்தி. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். குதைபியா இன்ஜினியர் பெட்டி கட்டுகிற சத்தம் எனக்கு இங்கேயே கேட்டது.

மறுநாள் சாயங்காலம் ஜன்னலைத் தட்டினார்கள்.

வெளியே நடைபாதையில் சங்கரலிங்கம் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுகந்தி. நான் ஆஸ்பத்திரி கவுனில் இருந்தேன். முதுகுப் பக்கம் முடிச்சு ஒன்றும் சரியாக இல்லாத கவுன். அதனால் பேட்டி முழுக்கச் சுவரில் முதுகை ஒட்டியபடியே நடந்தது. பெண் பார்க்கும் படலத்தில் நாணிக்கோணி நிற்பது பெண்தான் என்று எவன் சொன்னான்?

"தம்பி," என்றார், கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்ன இடைவெளி வழியாக. "நீங்க வாழ்க்கைல ஹாக்கி ஆடினதே இல்ல. சரிதானா?"

நான் தலைகுனிந்தேன். "எப்ப சார் தெரிஞ்சுது?"

"கால் பேடு ரெண்டையும் எடது வலது மாத்திக் கட்டிட்டு வாத்து மாதிரி நடந்து வந்தீங்களே, அப்பவே."

"அப்ப ஏன் சார் ஆட விட்டீங்க?"

"சீசன் நடக்கணும்லாவே!" என்றார், நான் என்னவோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டது போல. பிறகு முகம் சுருங்கியது. "ஆனா இது சரிவராது தம்பி. கோவில்பட்டிக்காரரு, ஹாக்கி தெரிஞ்சவருன்னுதான் ஜாதகத்தையே வாங்கினேன். நான் வேற எடம்..."

"ஒரு நிமிஷம்ப்பா." சுகந்தி நாற்காலியைத் தாண்டி முன்னால் வந்தாள். முதல் தடவையாகக் கர்ச்சீப் இல்லாத முகம். "நிஜமாவே உங்களுக்கு ஹாக்கி தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுங்க."

"பாக்கவாவது பிடிக்குமா?"

"சுத்தமா பிடிக்காது."

"பெனால்டி கார்னர்னா என்னன்னாவது...?"

"ஏதோ மூலையில நிக்க வைப்பாங்கன்னு நினைக்கிறேன்."

அவள் அப்படியே அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இவர் போதும்."

"என்னது?"

"அஞ்சாங் கிளாஸ்ல இருந்து ஒவ்வொரு ஃப்ரைடேவும் உங்க பக்கத்துல உக்காத்தி வச்சிருக்கீங்க. எவ்வளவு போர் தெரியுமா? கோவில்பட்டி மாப்பிள்ளைன்னதும், செத்தோம், லைஃப் ஃபுல்லா ஹாக்கிதான்னு முந்தாநேத்து மீட்டிங்ல அழுகையே வந்துருச்சு. குதைபியா ஆளும் பிளேயர்தானே? நேத்து ஒரு மேட்ச்தான்ப்பா நான் முழுசா பாத்தேன். சிரிச்சு சிரிச்சு இன்னும் விலா வலிக்குது."

சங்கரலிங்கம் சார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரோடு ஒட்டியிருந்த கவுனைப் பார்த்தார். நெடுநேரம் மீசையைத் தடவினார். ஹாக்கிக்காரருக்குத் தோல்வி எப்போது நிச்சயம் என்பது தெரியும்.

"அம்பயரை ஒரு வார்த்தை திட்டலியே நீங்க," என்றார் கடைசியில். "அந்தத் தடியனுக்குப் பந்தை வேற எடுத்து நீட்டுனீங்க. சரி. குடும்பம் நடத்த அது போதும்னு நினைக்கேன்."

ரிப்போர்ட் வந்தது, ஒன்றுமில்லை. விமானங்கள் திரும்ப ஓடின, தூத்துக்குடி கீப்பர் வந்து சேர்ந்தார், சீசனும் மறுபடி தொடங்கியது. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம், ஊரில்தான். குதைபியா இன்ஜினியர் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். நல்ல மனுஷன், நான்தான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாமனார் தன் நாற்காலியில் இருப்பார். நானும் சுகந்தியும் மத்ரா கடற்கரையில் ஷவர்மாவோடு இருப்போம். தீபாவளி, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் அவர் என் தோளில் கைபோட்டு, ஒரே வசனத்தால்தான் என்னை அறிமுகப்படுத்துவார்: "எங்க மாப்பிள்ளை. கோவில்பட்டி. கோல்கீப்பர். இன்னைக்கு வரைக்கும் இவர் மேல ஒருத்தன் ஒரு கோல் போட்டது கிடையாது!"

வந்தவர்கள் மரியாதையாகக் கை கொடுப்பார்கள். "அடேங்கப்பா! மொத்தம் எத்தனை மேட்ச் சார்?"

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதற்காகவே காத்திருப்பது போலச் சமையலறையிலிருந்து சுகந்தியின் குரல் வரும்.

"ஒண்ணுன்னு சொன்னாலே முக்கால்வாசி தப்புங்க. கால் மேட்ச்."